டர்போவா, என்.ஏ. இன்ஜினா? பெர்ஃபாமன்ஸ் கார் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெர்ஃபாமன்ஸ் கார் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் முதலில் பார்ப்பது உச்ச பவர் எண்ணைத்தான். டர்போ உள்ள இன்ஜினுக்கும் இல்லாத இன்ஜினுக்கும் இடையே முடிவெடுக்க அந்த எண் போதாது. அந்தப் பவர் எந்தச் சுழற்சி வேகத்தில் கிடைக்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்த பின் எவ்வளவு விரைவாகக் கிடைக்கிறது, வெப்பம் ஏறிய பிறகும் அப்படியே கிடைக்கிறதா என்பவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தப் பார்வையில் எழுதப்பட்டவை.

இரண்டு இன்ஜின்களுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

டர்போ இல்லாத இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் காற்றை உள்ளே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 1 பார். அதற்கு மேல் உதவி எதுவும் கிடையாது. இந்த வகையை நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் என்றும், சுருக்கமாக என்.ஏ. என்றும் அழைக்கிறார்கள்.

டர்போ இன்ஜினில், சிலிண்டரிலிருந்து வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் வாயு ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் குழாய் வழியே வெப்பமாக வீணாகிறது. அதில் ஒரு பகுதியை மீட்டுப் பயன்படுத்தும் இந்த யோசனைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பெற 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் செவ்ரலே கோர்வேரின் டர்போ வடிவமும் வெளிவந்தன.

ஒரே கொள்ளளவு உள்ள இன்ஜினில் டர்போவால் இவ்வளவு கூடுதல் பவர் எப்படிக் கிடைக்கிறது?

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே எவ்வளவு காற்றை உள்ளே கொண்டுவர முடிகிறது என்பதுதான் பவரின் எல்லையைத் தீர்மானிக்கிறது. எரிபொருளைக் கூட்டுவது எளிது. காற்றைக் கூட்டுவதுதான் கடினம்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 1 பார் பூஸ்ட் என்றால் உள்ளே செல்லும் காற்றின் மொத்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. அப்படியானால் காற்றின் அளவும் இரண்டு மடங்காகிவிடும் என்று தோன்றும். ஆனால் அமுக்கப்படும் காற்று சூடாகிறது. 25 டிகிரி செல்சியஸில் நுழையும் காற்றை 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸர் இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுசென்றால், வெளிவரும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 118 டிகிரியாக இருக்கும். சூடான காற்று விரிவதால் அதன் அடர்த்தி 1.5 மடங்கு மட்டுமே உயர்ந்திருக்கும். அதே காற்றை இன்டர்கூலர் வழியே செலுத்தி 50 டிகிரிக்குக் குளிரவைத்தால் அடர்த்தி 1.85 மடங்கை நெருங்குகிறது. இன்டர்கூலரின் அளவும் அது பொருத்தப்பட்டுள்ள இடமும் ஏன் இவ்வளவு பேசப்படுகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

என்.ஏ. இன்ஜினில் ஒவ்வொரு லிட்டர் கொள்ளளவுக்கும் கிடைக்கும் டார்க்குக்கு, அதாவது சுழற்றும் விசைக்கு, இயற்கையாகவே ஓர் உச்சவரம்பு உண்டு. நல்ல வடிவமைப்பில் அது 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை போகும். ஹோண்டா எஸ்2000-இன் 2 லிட்டர் இன்ஜின் 208 நியூட்டன் மீட்டர் தந்தது; ஃபெராரி 458 இட்டாலியாவின் 4.5 லிட்டர் வி8 தந்தது 540. இரண்டையும் லிட்டருக்கு வகுத்துப் பாருங்கள்: முதலாவது 104, இரண்டாவது 120. மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் காரின் 2 லிட்டர் டர்போ இன்ஜினோ 500 நியூட்டன் மீட்டர் தருகிறது, அதாவது லிட்டருக்கு 250. இந்த இடைவெளியை எந்த கேம்ஷாஃப்டாலும் எந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டாலும் நிரப்ப முடியாது.

உச்ச பவர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் இரண்டு கார்கள் ஏன் வெவ்வேறு விதமாக ஓடுகின்றன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பவர் என்பது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்ற எண்ணால்) பெருக்கி 7023-ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் கிடைக்கும். என்.ஏ. இன்ஜினில் டார்க்குக்கு உச்சவரம்பு இருப்பதால், அதிகப் பவர் வேண்டுமானால் சுழற்சி வேகத்தை உயர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை. டர்போ இன்ஜினில் டார்க்கையே உயர்த்திவிடலாம்.

பிஎம்டபிள்யூ எம்3-இன் அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகள் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஈ92 எம்3-இல் இருந்தது 4 லிட்டர் என்.ஏ. வி8, பவர் 8,300 ஆர்பிஎம்மில் 420 குதிரைத்திறன், டார்க் 3,900 ஆர்பிஎம்மில் 400 நியூட்டன் மீட்டர். அதன்பின் வந்த எஃப்80 எம்3-இல் 3 லிட்டர் டர்போ ஆறு சிலிண்டர் இன்ஜின். பவர் 431 குதிரைத்திறன், டார்க் 1,850 முதல் 5,500 ஆர்பிஎம் வரை ஒரே சீராக 550 நியூட்டன் மீட்டர். தாளில் பார்த்தால் வித்தியாசம் 11 குதிரைத்திறன்தான். ஆனால் மேலே சொன்ன சூத்திரத்தை 3,900 ஆர்பிஎம்முக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய வி8 தருவது 222 குதிரைத்திறன், புதிய டர்போ தருவது 305. அதே கணத்தில், அதே சுழற்சி வேகத்தில், 83 குதிரைத்திறன் வித்தியாசம். சாலையில் முந்திச் செல்லும்போது நீங்கள் உணர்வது இந்த 83-ஐத்தான். அந்த 11-ஐ அல்ல.

இதை வைத்து டர்போதான் மேல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வி8-இன் பவர் 8,300 ஆர்பிஎம் வரை ஏறிக்கொண்டே போகிறது. இரண்டாவது கியரில் முழு மிதியில் போகும்போது ஒவ்வொரு ஆயிரம் ஆர்பிஎம்முக்கும் கார் மேலும் மேலும் உயிர்பெறுவதை ஓட்டுநர் உணர்கிறார். டர்போ இன்ஜினில் அந்த உணர்வு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. உச்சியை நெருங்கும்போது புதிதாகக் கிடைப்பது குறைவு. கார் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதும், வேகத்தை எட்டுவதில் ஓட்டுநருக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதும் வேறு வேறு விஷயங்கள்.

இதை ஃபெராரியே உணர்ந்திருந்தது என்று சொல்லலாம். 458-க்குப் பின் வந்த 488 ஜிடிபி, 3.9 லிட்டர் இரட்டை டர்போ இன்ஜினுடன் 670 குதிரைத்திறனையும் 760 நியூட்டன் மீட்டரையும் எட்டியது. ஆனால் அந்த முழு 760 கிடைப்பது ஏழாவது கியரில் மட்டும்தான். கீழ் கியர்களில் சுழற்சி வேகம் ஏற ஏற டார்க்கும் ஏறும்படி மென்பொருளால் கட்டுப்படுத்தியிருந்தார்கள். கையில் இருக்கும் டார்க்கை வேண்டுமென்றே அடக்கி, என்.ஏ. இன்ஜினின் குணத்தை வரவழைத்தார்கள்.

டர்போ லேக் பிரச்சினை இப்போது தீர்ந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு குறைந்திருக்கிறது, முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. இங்கே இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது பூஸ்ட் தொடங்கும் எல்லை. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்குக் கீழே, டர்பைனைப் போதுமான வேகத்தில் சுழற்றும் அளவுக்கு எக்ஸாஸ்ட் வாயுவே இருக்காது. அந்த எல்லைக்குக் கீழே எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டிருந்தாலும் முழு பூஸ்ட் வராது. கியரைக் குறைப்பதுதான் அதற்கு வழி. இரண்டாவதுதான் உண்மையான லேக். எல்லையைத் தாண்டிய ஆர்பிஎம்மில் இருக்கும்போதே, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதித்தால், டர்பைன் மீண்டும் வேகம் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. டர்பைனின் முழு வேகம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுழற்சிகளைத் தாண்டக்கூடியது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த நேரம் பூஜ்யமாக இருக்க முடியாது என்பது புரியும்.

சிறிய, எடை குறைந்த சக்கரங்கள், பால் பேரிங், இரண்டு தனி வழிகளில் எக்ஸாஸ்ட்டைப் பெறும் ட்வின்-ஸ்க்ரோல் அமைப்பு, கோணம் மாறும் டர்பைன் இதழ்கள் ஆகியவை ஒவ்வொன்றும் லேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்கின்றன. அண்மையில் வந்திருப்பது, தண்டிலேயே மின்மோட்டார் பொருத்தப்பட்ட டர்போ. 2022-இல் மெர்சிடீஸ்-ஏஎம்ஜி சி43-இலும், 2024-இல் போர்ஷே 911 கரெரா ஜிடிஎஸ்-இலும் இதைக் கொண்டுவந்தார்கள். எக்ஸாஸ்ட் வாயு வந்து சேரும்வரை காத்திருக்காமல் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கிவிடுவதால், லேக்கின் மூல காரணத்தையே இது தொடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும், முழு மிதியில் அல்ல, பாதி மிதியிலிருந்து முக்கால் மிதிக்கு நகரும் சிறு அசைவில்தான் நல்ல என்.ஏ. இன்ஜினின் மேன்மை தெரிகிறது. லெக்ஸஸ் எல்எஃப்ஏ-வின் 4.8 லிட்டர் வி10 இன்ஜின், ஐடிலிங்கிலிருந்து 9,000 ஆர்பிஎம்மை 0.6 விநாடியில் எட்டியது; சுழற்சி வேகத்தைக் காட்டும் முள் உள்ள டாக்கோமீட்டரால் அந்த வேகத்தைத் தொடர முடியாது என்பதால் அந்தக் காருக்கு டிஜிட்டல் டாக்கோமீட்டரே பொருத்தப்பட்டது.

வளைவுகள் நிறைந்த சாலையிலும் ரேஸ் டிராக்கிலும் எது நல்லது?

வளைவின் நடுவில் டயர்கள் பக்கவாட்டுப் பிடிமானத்தின் எல்லையில் இருக்கும்போது, பின்சக்கரங்களுக்குப் போகும் டார்க்கைச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். என்.ஏ. இன்ஜினில் பாதத்தின் அசைவும் சக்கரத்தில் சேரும் டார்க்கும் ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருப்பதால் இதைச் செய்வது இயல்பாக வருகிறது. டர்போ இன்ஜினில், பாதத்தை அசைக்காமல் வைத்திருந்தாலும் பூஸ்ட் ஏறுவதால் டார்க் தானாகவே கூடக்கூடும். 1970-களின் பிற்பகுதியில் வந்த போர்ஷே 911 டர்போவை ஓட்டியவர்கள் அஞ்சியது இதைத்தான்: வளைவில் மிதித்தபோது வராத பவர், வளைவிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒரே மூச்சில் வந்தது. இன்றைய கார்களில் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் எல்லையில் ஓட்டிப் பழக விரும்புபவருக்கு என்.ஏ. கார் சிறந்த ஆசான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லேப் டைம் மட்டுமே குறிக்கோள் என்றால் கணக்கு மாறிவிடும். வளைவிலிருந்து வெளியேறும்போது கியர் சரியாக அமையாவிட்டாலும் டர்போவின் நடுத்தர டார்க் காரை இழுத்துக்கொண்டு போய்விடும். என்.ஏ. காரில் அந்தத் தவறு நேரடியாக விநாடிகளாக மாறும்.

டிராக்கில் சில சுற்றுகளுக்குப் பிறகு டர்போ கார் மந்தமாகிறதே, ஏன்?

வெப்பம்தான் காரணம். பெட்ரோல் டர்போவின் டர்பைன் பக்கம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. கம்ப்ரஸர் பக்கத்தில் காற்று சூடாவதை மேலே பார்த்தோம். சாலையில் முழு மிதி என்பது சில விநாடிகள்தான், அதற்குப் பின் இன்டர்கூலருக்கு ஓய்வு கிடைக்கிறது. டிராக்கில் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. இன்டர்கூலரின் உலோகம் முழுவதும் சூடேறிவிட்டால் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை சுற்றுக்குச் சுற்று ஏறுகிறது. நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடித்து எரிவது) வராமல் காக்க இன்ஜின் கணினி இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி தரும் நேரத்தை, தள்ளிப்போடுகிறது, தேவைப்பட்டால் பூஸ்டையும் குறைக்கிறது. பவர் குறைவது பழுதினால் அல்ல. இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்கிறது.

என்.ஏ. இன்ஜினும் சூடாகும், அதற்கும் நல்ல ஆயில் கூலர் வேண்டும். ஆனால் கையாள வேண்டிய வெப்பத்தின் மூலங்கள் குறைவு. டிராக்கில் அடிக்கடி ஓட்டப்போகிறவர் டர்போ காரைத் தேர்ந்தெடுத்தால், கூடுதல் பவருக்குச் செலவிடும் முன் பெரிய இன்டர்கூலருக்கும் ஆயில் கூலருக்கும் செலவிடுவது நல்லது. ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் மிதமான வேகத்தில் ஓட்டி முடித்துவிட்டே நிறுத்துங்கள்.

மலைப்பகுதிகளில் அதிகம் ஓட்டுவேன். அது முடிவை மாற்றுமா?

கண்டிப்பாக மாற்றும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, என்.ஏ. இன்ஜினின் பவரும் ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடும். டர்போ இன்ஜின் கம்ப்ரஸரைக் கூடுதல் வேகத்தில் சுழற்றி இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். முதல் உலகப் போர்க் காலம் தொட்டே விமான இன்ஜின்களில் டர்போவைச் சோதித்துப் பார்த்ததற்கும் இதுவே காரணம்.

எரிபொருள் சிக்கனத்தில் எது மேல்?

மெதுவாக ஓட்டினால் சிறிய டர்போ இன்ஜின். கடுமையாக ஓட்டினால் பெரிய வித்தியாசம் இல்லை, சில வேளைகளில் டர்போவே அதிகம் குடிக்கும். சிறிய இன்ஜினில் உராய்வும், த்ராட்டில் பாதி மூடியிருப்பதால் வரும் இழப்பும் குறைவு என்பதால் மிதமான ஓட்டத்தில் அது சிக்கனமானது. முழு பூஸ்டில் நீடிக்கும்போது டர்பைனையும் பிஸ்டனையும் குளிர்விக்கத் தேவைக்கு அதிகமாகப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜின்கள் உண்டு. பெர்ஃபாமன்ஸ் கார் வாங்குபவர் இந்தக் காரணத்துக்காக முடிவை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பெட்ரோலின் ஆக்டேன் அளவுதான், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறன்தான், அதைவிட முக்கியம். தயாரிப்பாளர் சொன்ன ஆக்டேன் கிடைக்காத இடத்தில் வசிப்பவர், பூஸ்ட் அதிகமுள்ள காரின் முழுப் பவரையும் ஒருபோதும் பெறமாட்டார். 13-ஐ நெருங்கும் அமுக்க விகிதமுள்ள (பிஸ்டன் கலவையை ஏறத்தாழ 13 மடங்கு சுருக்கும்) என்.ஏ. இன்ஜினுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஒலியில் வித்தியாசம் உண்டா?

உண்டு. எக்ஸாஸ்ட் துடிப்புகளின் வழியில் டர்பைன் உட்கார்ந்திருப்பதால் அவற்றின் கூர்மை மழுங்குகிறது. உச்ச ஆர்பிஎம்மும் குறைவு என்பதால் சுருதியும் தாழ்ந்தே நிற்கிறது. 12,100 ஆர்பிஎம் வரை போகும் கார்டன் மர்ரே டி.50-இன் வி12 இன்ஜின் எழுப்பும் ஒலியை எந்த டர்போ இன்ஜினாலும் எழுப்ப முடியாது. டர்போவின் சீழ்க்கைக்கும், மிதியை விடும்போது வரும் வால்வின் பெருமூச்சுக்கும் ரசிகர்கள் உண்டு. அது அவரவர் செவியைப் பொறுத்தது.

இப்போது என்.ஏ. கார் வாங்கிவிட்டு, பிறகு டர்போ பொருத்திக்கொள்ளலாமா?

முடியும், ஆனால் டர்போவின் விலை மட்டுமே செலவு என்று நினைத்து இறங்குபவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். என்.ஏ. இன்ஜினின் அமுக்க விகிதம் பூஸ்டுக்கு ஏற்றதல்ல. அதை அப்படியே வைத்துக்கொண்டு பூஸ்ட் ஏற்றினால் நாக்கிங் வரும். பிஸ்டனின் ரிங் அமரும் மெல்லிய விளிம்புகள் உடைவது பெரும்பாலும் அப்படித்தான். அடுத்து, கூடும் டார்க்கைத் தாங்கும் கனெக்டிங் ராடுகள், கூடுதல் பெட்ரோல் தரும் பம்ப்பும் இன்ஜெக்டர்களும், இன்டர்கூலரும் அதன் குழாய்களும், டர்போவுக்கான ஆயில் இணைப்பு, வலுவான கிளட்ச், கடைசியாக இவை அனைத்தையும் அறிந்து செய்யப்பட்ட ட்யூனிங். இந்தப் பட்டியலில் ஒன்றைத் தவிர்த்தாலும் மற்றவற்றுக்குச் செலவிட்டது வீண். பூஸ்ட் குறைவாக வைத்து, நல்ல ட்யூனரிடம் கொடுத்து, நிறைவாக ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பின்னாளில் பவரைக் கூட்டும் எண்ணம் இப்போதே இருந்தால், தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வந்த காரை வாங்குவதே அறிவுடைமை. அதன் பிஸ்டன், குளிர்விப்பு அமைப்பு, ஆயில் ஓட்டம் எல்லாம் பூஸ்டை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டவை. இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவதால் மட்டுமே 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் பவர் கூடும் டர்போ கார்கள் பல உண்டு. என்.ஏ. காரில் மென்பொருளை மட்டும் மாற்றினால் சில குதிரைத்திறன்கள்தான் கிடைக்கும். கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ராட்டில் என்று பெருஞ்செலவு செய்தாலும் கிடைப்பது அளவோடுதான். அந்தப் பணத்தை டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் போடலாம்.

என்.ஏ. காரில் நடுத்தர டார்க் குறைவு என்பதற்கு வேறு தீர்வே இல்லையா?

கொள்ளளவைக் கூட்டுவதுதான் தீர்வு. டொயோட்டாவின் முதல் தலைமுறை 86 காரில் 2 லிட்டர் இன்ஜின் 205 நியூட்டன் மீட்டரைத் தந்தது; அதுவும் 6,400 ஆர்பிஎம்முக்கு மேல். அதற்குக் கீழே, 4,000 ஆர்பிஎம்மை ஒட்டி டார்க்கில் ஒரு பள்ளம் இருந்தது. டர்போ பொருத்துங்கள் என்று பலரும் கேட்டார்கள். அடுத்த தலைமுறையான ஜிஆர்86-இல் டொயோட்டா டர்போவைப் பொருத்தவில்லை; கொள்ளளவை 2.4 லிட்டராக்கியது. டார்க் 250 நியூட்டன் மீட்டரானது, அதுவும் 3,700 ஆர்பிஎம்மிலேயே கிடைத்தது. எடையைக் கூட்டாமல், மிதியின் துல்லியத்தை இழக்காமல் குறையைத் தீர்த்த விதம் இது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் முடிவுகளில் ஒன்று.

சூப்பர்சார்ஜர்?

அது எக்ஸாஸ்ட்டால் அல்ல, இன்ஜினின் கிராங்க்ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுழல்கிறது. லேக் இல்லை, ஆனால் தன்னைச் சுழற்றவே இன்ஜினின் பவரில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. பெரிய வி8 கார்களில் இன்னும் சிறப்பாக வேலை செய்கிறது.

நீடித்து உழைப்பதில் டர்போ இன்ஜினை நம்பலாமா?

தொழிற்சாலை அமைத்தபடியே வைத்திருந்து ஆயிலை ஒழுங்காக மாற்றினால் நம்பலாம். டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து சுழல்கிறது. கடுமையாக ஓட்டியவுடன் இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, சூடான பேரிங்கில் தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். இன்று பேரிங்கைச் சுற்றி நீர்க்குளிர்விப்பு இருப்பதால் ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனாலும் வீட்டை அடையும் முன் கடைசிச் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டும் பழக்கம் வீண்போகாது.

நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள சிறிய டர்போ இன்ஜின்களில் இன்னொரு அபாயம் உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில், உயர்ந்த கியரில், முழுதாக மிதித்தால், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பற்றிக்கொள்ளக்கூடும்; ஒரே ஒரு முறை நேர்ந்தாலும் பிஸ்டன் உடையலாம். ஆயிலில் உள்ள கால்சியம் வகைச் சேர்க்கைகள் இதைத் தூண்டுவது தெரிந்தபின் ஆயில் தரநிர்ணயங்களே மாற்றப்பட்டன. 2020-இல் நடைமுறைக்கு வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இதற்கான சோதனை இருக்கிறது. எனவே கையேட்டில் சொன்ன தரத்தை விட்டு விலகாதீர்கள். ஏற்றத்தில் ஆறாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் மிதிக்காமல் கியரைக் குறையுங்கள்.

உயர் ஆர்பிஎம் என்.ஏ. இன்ஜினும் சாது அல்ல. சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் பிஸ்டனையும் ராடையும் இழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. எஸ்2000 இன்ஜினில் 9,000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டர். இத்தகைய இன்ஜினை ஆயில் சூடாகும் முன் ரெட்லைனுக்கு (அனுமதிக்கப்பட்ட உச்ச ஆர்பிஎம்முக்கு) கொண்டுபோவதும், வால்வு இடைவெளியைச் சரிபார்க்காமல் தள்ளிப்போடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். வேகத்தில் தவறுதலாகக் கீழ் கியரில் போட்டுவிட்டால் எந்த லிமிட்டரும் காப்பாற்றாது.

எல்லாம் சரி, நான் எதை வாங்குவது?

காரின் எடையிலிருந்து தொடங்குங்கள். 1,200 கிலோவுக்கு அருகில் அல்லது அதற்குக் குறைவாக எடையுள்ள காருக்கு என்.ஏ. இன்ஜினே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. மஸ்டா எம்எக்ஸ்-5-இன் 184 குதிரைத்திறனை முழுதாகப் பயன்படுத்தி ஓட்டுவதில் உள்ள நிறைவு, 400 குதிரைத்திறனில் பாதியைக்கூடத் தொடாமல் ஓட்டுவதில் இல்லை. 1,500 கிலோவைத் தாண்டிய காருக்கு நடுத்தர டார்க் கட்டாயம். அங்கே டர்போ அல்லது மிகப் பெரிய என்.ஏ. இன்ஜின் வேண்டும்.

தினமும் ஒரே காரில் வேலைக்கும் போய், நெடுஞ்சாலையில் ஆட்களோடும் சுமையோடும் முந்தி, அவ்வப்போது வேகமாகவும் ஓட்டுபவருக்கு டர்போதான். ஓட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டு, கியர் மாற்றுவதையும் ஆர்பிஎம்மைத் தேடிப்போவதையும் விரும்புபவருக்கு என்.ஏ. இதில் எதுவும் தாழ்ந்ததல்ல. ஆனால் இரண்டாம் வகை ஓட்டுநர் எண்களைப் பார்த்து டர்போ வாங்கிவிட்டு, ஏதோ குறைகிறது என்று ஓராண்டில் விற்றுவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் புதிய என்.ஏ. பெர்ஃபாமன்ஸ் கார்கள் அரிதாகிக்கொண்டே வருகின்றன. ஹோண்டா சிவிக் டைப் ஆர் 2015-இல் டர்போவுக்கு மாறியது. அதே ஆண்டு போர்ஷே 911 கரெராவும் மாறியது. 9,000 ஆர்பிஎம் வரை போகும் 911 ஜிடி3 போன்ற சில மட்டுமே தாக்குப்பிடிக்கின்றன. என்.ஏ.வில் மனம் வைத்திருப்பவர் அதிகம் தாமதிக்க வேண்டாம்.

டெஸ்ட் டிரைவில் எதைச் சோதிக்க வேண்டும்?

முழு மிதியில் ஒரு முறை சீறிப்பாய்ந்து பார்ப்பதால் எதுவும் தெரியாது. எல்லா பெர்ஃபாமன்ஸ் கார்களும் அதில் நன்றாகவே இருக்கும். பாதுகாப்பான, வெறிச்சோடிய சாலையில் மூன்றாவது கியரில் 3,000 ஆர்பிஎம்மில் சீராகப் போய்க்கொண்டிருங்கள். மிதியை முழுவதும் விட்டுவிட்டு, ஒரு விநாடி கழித்துப் பாதி வரை மிதியுங்கள். கார் உடனே பதில் சொல்கிறதா, சற்றுப் பொறுத்து நீங்கள் கேட்டதைவிட அதிகமாகத் தருகிறதா என்று கவனியுங்கள். அதையே 5,000 ஆர்பிஎம்மிலும் செய்யுங்கள்.

பழைய காராக இருந்தால் இன்ஜின் முழுவதும் குளிர்ந்த நிலையில்தான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். டர்போ காரில் ஸ்டார்ட் செய்தவுடனும், நீண்ட இறக்கத்தில் மிதியை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். மெக்கானிக்கை விட்டு கம்ப்ரஸரின் நுழைவுக் குழாயைக் கழற்றச் சொல்லி, சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பு. இதழ்கள் உறையில் உரசிய தடம் இருந்தால் டர்போ மாற்றும் செலவை விலையிலிருந்து கழிக்க வேண்டும். என்.ஏ. காரில் எல்லா சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் சோதனையும் (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் தருகிறது) லீக்-டவுன் சோதனையும் (அழுத்தம் எவ்வளவு கசிகிறது) செய்யுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.